கல்லில் எழுந்த நகைப்பு

நகை பிறக்கும் களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைத்தவர் தொல்காப்பியர். அவரே அங்கதத்தை இரண்டாகப் பகுத்தார். பழியை வெளிப்படக் கூறுவது செம்பொருள் அங்கதம். மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோல் இகழ்ந்த ஔவையாரின் சொல்வன்மையைப் புறநானூறு காட்டுகிறது. ஆற்றல் மிக்கோரின் குறையை நகைப்பால் உணர்த்தும் இக்கலை எல்லா நாடுகளுக்கும் உரியது. அச்சுப்பொறி பரவிய காலத்தில் அது சொல்லைக் கடந்து கோட்டோவியமாகவும் வடிவெடுத்தது. எழுத்தறியாதவரும் கண்டு நகைக்கும் அப்படங்களை ஆட்சியாளர் அஞ்சினர், வரைந்தவரைச் சிறையிலிட்டனர். அவ்வாறு சிறைப்பட்ட பின்னரும் கோலைக் கீழே வைக்காத பிரெஞ்சு ஓவியர் ஓனோரே தோமியேயின் வாழ்க்கை இப்பாடத்தில் கூறப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

ஓனோரே தோமியே 1808ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் பிரான்சின் தென்கடற்கரை நகரமான மார்செய்யில் பிறந்தார். தந்தை கண்ணாடி பதிக்கும் தொழிலாளி. சாளரங்களுக்குக் கண்ணாடி பொருத்திப் பிழைத்த அவருக்குக் கவிதையில் தீராத வேட்கை இருந்தது. கவிஞராகப் புகழ்பெறும் கனவோடு அவர் தலைநகர் பாரிசுக்குச் சென்றார். 1816ஆம் ஆண்டளவில் குடும்பமும் அங்குக் குடியேறியது. கவிதை நூல்கள் அச்சேறின. ஆனால், வருவாய் சேரவில்லை. வறுமை சூழ்ந்த அவ்வீட்டில் பள்ளிக் கல்வியைத் தொடர்வதைவிட வேலைக்குச் செல்வதே சிறுவன் ஓனோரேக்கு விதிக்கப்பட்டது.

முதலில் நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அலுவலர் ஒருவரிடம் ஏவல் பணி கிடைத்தது. கடன் கட்ட இயலாதோரின் கண்ணீரையும் கறுப்பு அங்கி அணிந்த வழக்கறிஞர்களின் மிடுக்கையும் சிறுவன் அருகிலிருந்து கண்டான். அடுத்துப் புத்தகக் கடை ஒன்றில் வேலை செய்தான். கடைவீதியில் நடமாடிய செல்வர், வணிகர், ஏழையர் என அனைவரின் முகங்களும் நடையும் அவன் நினைவில் படிந்தன. பின்னாளில் அவர் எதிரே ஆளை நிறுத்தி வரைந்ததில்லை, நினைவிலிருந்தே வரைந்தார். அந்நினைவுக் களஞ்சியம் நிரம்பியது இந்த இளமைக் காலத்தில்தான்.

மகனின் ஓவிய ஆர்வத்தைக் கண்ட தந்தை, கலையறிஞர் அலெக்சாந்தர் லெனுவாரிடம் பயிற்சிக்கு அனுப்பினார். அருங்காட்சியகத்துச் சிற்பங்களைப் பார்த்து வரைந்து பழகியதோடு, அந்நாளில் புதிதாகப் பரவிய கல்லச்சுத் தொழிலையும் தோமியே கற்றுக்கொண்டார்.

கல்லச்சுக் கலை

கல்லச்சு முறை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செனஃபெல்டர் என்பவரால் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று சேரா என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மீது ஓவியர் கொழுப்புச் சேர்ந்த கோலால் படம் வரைவார். கல்லைப் பதப்படுத்தி நீரால் நனைத்தபின் மை உருட்டினால், கோடு விழுந்த இடங்களில் மட்டும் மை பற்றும்; ஈரமான வெற்றிடம் மையை விலக்கும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும்.

மரத்திலும் செம்பிலும் செதுக்கி அச்சிடுவதற்கு நாள் பல ஆகும். கல்லில் வரைந்த படமோ விரைவில் ஆயிரக்கணக்கான படிகளாகப் பெருகும். நேற்று அவையில் நிகழ்ந்ததை இன்று வரைந்து உடனே வீதியில் விற்க முடிந்தது. விலையும் குறைவு. வாங்க இயலாதவர் கடையின் கண்ணாடிச் சாளரத்துக்கு வெளியே கூடி நின்று பார்த்தனர். நாளிதழைப் படிக்கத் தெரியாத தொழிலாளியும் அமைச்சரின் தொந்தியைப் பார்த்து நகைத்தார். அரசியல் பேச்சு மாளிகைகளிலிருந்து தெருவுக்கு இறங்கி வந்தது.

வாக்குறுதி தந்த மன்னர்

1830ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்ல் பத்திரிகைச் சுதந்திரத்தை நிறுத்திவைத்தும் வாக்குரிமையைச் சுருக்கியும் ஆணைகள் பிறப்பித்தார். இதழாளர்களும் அச்சுத் தொழிலாளர்களும் எதிர்த்து எழுந்தனர். மூன்று நாள் தெருப்போருக்குப் பின் மன்னர் முடிதுறந்தார். அடுத்து அரியணை ஏறிய லூயி ஃபிலிப், திருத்தப்பட்ட அரசமைப்பு ஆவணத்தின்மீது உறுதிமொழி ஏற்றார். தணிக்கை முறை இனி எக்காலத்தும் மீண்டும் கொண்டுவரப்படாது என்பது அவ்வாவணத்தில் எழுதப்பட்ட வாக்குறுதிகளுள் ஒன்று.

பத்திரிகையின் பெயரால் நிகழ்ந்த புரட்சி பத்திரிகைக்கு விடுதலை தரும் என்று மக்கள் நம்பினர். அந்நம்பிக்கையோடு சார்ல் ஃபிலிப்போன் என்னும் ஓவியரும் இதழாளரும் 1830ஆம் ஆண்டு நவம்பரில் 'லா கரிகத்தூர்' என்னும் அங்கத வார இதழைத் தொடங்கினார். திறன்மிக்க இளைஞர்களைத் தேடித் தம்மோடு சேர்த்துக்கொண்ட அவர், இருபத்திரண்டு வயதுத் தோமியேயையும் அழைத்துக்கொண்டார்.

புதிய ஆட்சியில் விரைவிலேயே ஏமாற்றம் தோன்றியது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நாட்டில், வரி மிகுதியாகச் செலுத்தும் ஏறத்தாழ 2 இலட்சம் ஆடவருக்கே வாக்குரிமை இருந்தது. தெருவில் போரிட்டவருக்கு அவையில் இடமில்லை. வாக்கு இல்லாதவரின் மனக்குறையை வெளியிட எஞ்சியிருந்த வழிகளுள் ஒன்று பத்திரிகை. அதன் பக்கங்களிலேதான் அரசுக்கும் நகைப்புக்கும் இடையிலான போர் மூண்டது.

பேரிக்காய் வழக்கு

மன்னரின் முகம் மேலே குறுகிக் கீழே கன்னங்கள் பருத்து, பேரிக்காயின் வடிவத்தை ஒத்திருந்தது. மன்னரை இழிவுபடுத்தியதாக 1831ஆம் ஆண்டு நவம்பரில் ஃபிலிப்போன்மீது தொடரப்பட்ட வழக்கில் இவ்வொற்றுமையே அவருடைய வாதமாயிற்று. அவர் நீதிமன்றத்தில் நான்கு படங்களை வரைந்து காட்டினார். முதற்படம் மன்னரின் முகம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அது படிப்படியாக உருமாறியது. நான்காவது வெறும் பேரிக்காய். முதற்படம் குற்றமெனில் அடுத்தடுத்த படங்களும் குற்றமாக வேண்டும்; இறுதியில் சந்தையில் விற்கும் பழத்தையும் தண்டிக்க வேண்டிவரும் என்பது அவ்வாதத்தின் சாரம்.

நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனையும் தண்டத்தொகையும் விதித்தது. ஆனால், பேரிக்காயை எவராலும் சிறையிலிட முடியவில்லை. பாரிசின் சுவர்களெங்கும் சிறுவர்கள் கரியாலும் சுண்ணத்தாலும் பேரிக்காய் வரைந்தனர். மன்னர் பெயரை எங்கும் எழுதாமலேயே மன்னரைக் குறித்த அப்பழம், தொல்காப்பியர் கூறிய பழிகரப்பு அங்கதத்துக்குக் கண்கூடான சான்று எனலாம்.

பெருவாயனும் சிறைவாழ்வும்

தோமியே தம் பங்குக்கு 1831ஆம் ஆண்டு இறுதியில் 'கார்கந்துவா' என்னும் படத்தை வரைந்தார். கார்கந்துவா என்பவன், பதினாறாம் நூற்றாண்டு எழுத்தாளர் ரபேலேயின் கதையில் வரும் பெருந்தீனி அரக்கன். தோமியேயின் படத்தில் பேரிக்காய்த் தலையோடு அரக்கன் அரியணையில் வீற்றிருக்கிறான். அவன் வாயிலிருந்து தரைவரை ஒரு நீண்ட பலகை சாய்ந்திருக்கிறது. கந்தல் உடுத்த ஏழையர் தம்மிடமுள்ள காசுகளைக் கூடைகளில் இடுகின்றனர். ஏவலர் அக்கூடைகளைச் சுமந்து பலகைவழியே ஏறி அரக்கனின் வாயில் கொட்டுகின்றனர். அரியணையின் அடியிலிருந்து பதவி ஆணைகளும் விருதுகளும் கழிவாக விழுகின்றன. அவற்றைப் பொறுக்க அவை உறுப்பினர்கள் அங்கே கூடியிருக்கின்றனர்.

ஏழையரின் வரி எங்குச் செல்கிறது, சலுகை யாரைச் சேருகிறது என்பதை விளக்க ஒரு நூல் எழுதலாம். அதனை ஒரே பார்வையில் உணர்த்தியது இப்படம். காவலர்கள் படிகளைப் பறிமுதல் செய்தனர். மூலக்கல்லை அழிக்கவும் ஆணை பிறந்தது. 1832ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓவியருக்கு ஆறு திங்கள் சிறையும் 500 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. தண்டனை உடனே நிறைவேற்றப்படவில்லை. அவர் அடங்கிவிடுவார் என்று ஆட்சியாளர் எண்ணியிருந்தால் அது பொய்த்தது. தோமியே தொடர்ந்து வரைந்தார். ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் பெற்றோரின் வீட்டில் அவர் கைது செய்யப்பட்டார்.

அரசியல் கைதிகளை அடைத்துவைத்த 'சேந்த் பெலாஜி' சிறையில் தோமியே தம் உடன்கைதிகளின் உருவங்களை வரைந்தார். பின்னர் ஒரு மருத்துவ இல்லத்துக்கு மாற்றப்பட்டு, அங்கும் காவலிலேயே எஞ்சிய நாளைக் கழித்தார். 1833ஆம் ஆண்டு தொடக்கத்தில் விடுதலையானார். மகனின் உழைப்பை நம்பியிருந்த வறிய குடும்பத்துக்கு அந்த ஆறு திங்களும் கொடியவை. நகைப்புக்கு விலை உண்டு என்பதையும், அவ்விலையை வரைபவரோடு அவரைச் சார்ந்தோரும் செலுத்த நேரும் என்பதையும் அவர் அறிந்துகொண்டார். எனினும், வெளியே வந்ததும் அதே பணிக்கே திரும்பினார்.

அவையின் வயிறு

அவர் சிறையிலிருந்த காலத்தில், 1832ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஃபிலிப்போன் 'லெ ஷரிவரி' என்னும் நாளிதழைத் தொடங்கியிருந்தார். ஊர் ஒழுங்கை மீறியவரின் வீட்டுவாயிலில் மக்கள் கூடி, சட்டிபானைகளைத் தட்டி எழுப்பும் கேலி ஆரவாரத்துக்குப் பிரெஞ்சு நாட்டில் அப்பெயர் வழங்கியது. நாளும் ஒரு புதுப்படத்தோடு வெளிவந்த இவ்விதழ், அவ்வாரவாரத்தை அரசின் வாயிலுக்கே கொண்டுசென்றது.

அமைச்சர்களையும் அவை உறுப்பினர்களையும் தோமியே முதலில் களிமண்ணில் சிறு மார்பளவுச் சிலைகளாகப் பிடித்து வண்ணம் தீட்டினார். பின்னர் அவற்றைத் துணைக்கொண்டு படம் வரைந்தார். சுடப்படாத அச்சிலைகளுள் 36 இன்றும் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒவ்வொரு முகத்திலும் ஒரு குணம் உறைந்திருக்கிறது: ஒன்றில் செருக்கு, ஒன்றில் தந்திரம், மற்றொன்றில் சோம்பல்.

1834ஆம் ஆண்டு வெளியான 'சட்டமன்ற வயிறு' என்னும் படத்தில் இம்முகங்கள் ஒன்றுகூடின. அடுக்கடுக்கான இருக்கைகளில் பருத்த உடல்கள் சரிந்து கிடக்கின்றன. சிலர் உறங்குகின்றனர், சிலர் கதையளக்கின்றனர். நாட்டின் மூளையாக விளங்க வேண்டிய அவை வெறும் வயிறாகிவிட்டது என்பதைத் தலைப்பும் படமும் சேர்ந்து உணர்த்தின.

அதே ஆண்டு அவர் அச்சுத் தொழிலாளி ஒருவரையும் வரைந்தார். தாளால் செய்த தொப்பியும் எளிய உடையும் அணிந்த அவ்விளைஞர், பத்திரிகைச் சுதந்திரம் என்னும் சொற்கள் பொறித்த தரையின்மேல் கைகளை முட்டியாக்கி உறுதியோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒருபுறம், முடிதுறந்த பத்தாம் சார்ல் சாய்ந்து கிடக்கிறார். மறுபுறம், லூயி ஃபிலிப் குடையை ஓங்கியபடி வருகிறார். முன்னவருக்கு நேர்ந்தது பின்னவருக்கும் நேரலாம் என்னும் எச்சரிக்கை அதில் பொதிந்திருந்தது.

நகைப்பு நின்ற இடம்

1834ஆம் ஆண்டு ஏப்ரலில் லியோன் நகரத்துப் பட்டுநெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி பாரிசுக்கும் பரவியது. த்ரான்ஸ்னோனேன் என்னும் தெருவில் படை அலுவலர் ஒருவர் சுடப்பட்டதும், வீரர்கள் அங்கிருந்த குடியிருப்பு ஒன்றினுள் புகுந்து எதிர்ப்பட்டோரைக் கொன்றனர். கிளர்ச்சியில் ஈடுபடாத, வீட்டில் இருந்த மக்களே பலியாயினர்.

இந்நிகழ்வைத் தோமியே வரைந்த படத்தில் வீரர் இல்லை, துப்பாக்கி இல்லை, கேலியும் இல்லை. கலைந்த படுக்கையருகே இரவுடை அணிந்த ஒருவர் தரையில் இறந்து கிடக்கிறார். அவருடைய உடலின்கீழ் ஒரு குழந்தை நசுங்கிக் கிடக்கிறது. இருளில் ஒரு பெண்ணின் உடலும், ஓரத்தில் ஒரு முதியவரின் தலையும் தெரிகின்றன. தெருவின் பெயரும் நாளும் மட்டுமே படத்தின் தலைப்பு. எதனை மிகைப்படுத்த வேண்டும், எங்கு மிகை கூடாது என்பதை அறிந்த கலைஞரின் அடக்கம் அது.

பத்திரிகைகளுக்கு விதிக்கப்பட்ட தண்டத்தொகைகளைச் செலுத்துவதற்காக ஃபிலிப்போன் நடத்திய திங்கள் வெளியீட்டில் இப்படம் வந்தது. காவலர்கள் கிடைத்த படிகளைக் கைப்பற்றினர். ஆயினும், தப்பிய படிகள் இன்றும் உலக அருங்காட்சியகங்களில் உள்ளன. அந்தத் தெருவின் பெயர் பின்னாளில் மறைந்துவிட்டது. படத்தில் மட்டும் அது நிலைத்து நிற்கிறது.

படம் கருத்து அன்றோ?

1835ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் மன்னரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. மன்னர் உயிர்தப்பினார், உடன்வந்தோர் பலர் மாண்டனர். அக்கொடுஞ்செயலுக்கும் ஓவியர்களுக்கும் தொடர்பில்லை. எனினும், அரசு அவ்வாய்ப்பைப் பயன்படுத்திச் செப்டம்பரில் புதுச்சட்டங்கள் இயற்றியது. எந்தப் படத்தையும் வெளியிடுமுன் அரசின் ஒப்புதல் பெறவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 'லா கரிகத்தூர்' நின்றுபோயிற்று.

தணிக்கை இனி வராது என்று அரசமைப்பு உறுதியளித்திருக்க, இச்சட்டம் எவ்வாறு பொருந்தும் என்னும் வினா எழுந்தது. கருத்தை வெளியிடும் உரிமையையே ஆவணம் காக்கிறது; படமோ கண்வழியே புகுந்து உணர்ச்சியைத் தூண்டுவதால் அது கருத்தன்று, செயலே என்று அமைச்சர்கள் விளக்கம் தந்தனர். இவ்விளக்கத்தின் உட்பொருள் ஆராயத்தக்கது. கட்டுரையைப் படிப்போர் கற்றோரும் செல்வருமாகிய சிலர். படத்தைப் பார்ப்போர் கல்லாதோரும் வறியோருமாகிய பலர். சிலருக்குரிய ஊடகத்துக்கு உரிமையும் பலருக்குரிய ஊடகத்துக்குத் தடையும் விதிப்பது, உரிமையைச் சட்டத்தில் வைத்துக்கொண்டே மக்களிடமிருந்து பறிப்பதாகும்.

சமூகத்தை நோக்கிய கோல்

அரசியல் படத்துக்கு வாயில் அடைபட்டதும் தோமியே சமூகத்தின் பக்கம் திரும்பினார். நாடக மேடையில் புகழ்பெற்ற ரொபேர் மக்கேர் என்னும் எத்தனின் உருவை எடுத்துக்கொண்டு, 1836 முதல் 1838 வரை நூறு படங்கள் வரைந்தார். இவற்றுக்கான கருத்தையும் படவுரையையும் ஃபிலிப்போன் தந்தார். ஒரு படத்தில் மக்கேர் இல்லாத நிறுவனத்தின் பங்குகளை விற்கிறான், மற்றொன்றில் மருத்துவன், இன்னொன்றில் வழக்கறிஞன். வேடந்தான் வேறு, எல்லாவற்றிலும் ஏமாற்று ஒன்றே. மன்னரைப் பெயர்சொல்லிப் பழிக்காத இப்படங்கள், அம்மன்னரின் ஆட்சியில் தழைத்த பேராசையைத் தோலுரித்தன.

இளமையில் கண்ட நீதிமன்றமும் 1845ஆம் ஆண்டுமுதல் 'நீதித்துறையினர்' என்னும் படவரிசையாக மலர்ந்தது. உறங்கும் நீதிபதி, பொய்க்கண்ணீர் வடிக்கும் வழக்கறிஞர், ஒன்றும் விளங்காமல் விழிக்கும் ஏழை எனப் பலரும் அதில் இடம்பெற்றனர்.

தோமியேயின் கோல் எக்காலும் நேர்வழியே சென்றது என்று கூறுவதற்கில்லை. 1844ஆம் ஆண்டு அவர் பெண் எழுத்தாளர்களை எள்ளி நாற்பது படங்கள் வரைந்தார். எழுதும் பெண்ணால் குடும்பம் சீரழியும் என்னும் அக்கால ஆடவரின் தப்பெண்ணத்தையே அவை மக்களிடம் விற்றன. பின்னர்ப் பெண்ணுரிமை கோரியவர்களையும் அவர் அவ்வாறே எள்ளினார். வலியோரை நோக்கி எழும்போது அறமாகும் அங்கதம், உரிமைக்குப் போராடுவோரை நோக்கித் தாழும்போது பழைய ஆதிக்கத்துக்குத் துணைபோகிறது. அத்தகைய அங்கதத்துக்கு மறுமொழி சொல்லும் உரிமை எள்ளப்பட்டவருக்கும் உண்டு. அவ்வுரிமையும் கருத்துச் சுதந்திரத்தின் கூறே. பெண்கள் தொடர்ந்து எழுதினர். காலம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. சிறந்த கலைஞரும் தம் காலத்தின் குறையினின்று முற்றும் விடுபடுவதில்லை என்பதற்கு இப்படங்கள் சான்றாகின்றன.

குடியரசும் முரடனும்

1848ஆம் ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் புரட்சி எழுந்தது. லூயி ஃபிலிப் நாட்டைவிட்டு ஓடினார், குடியரசு மலர்ந்தது. அரண்மனைக்குள் புகுந்த தெருச்சிறுவன் ஒருவன் அரியணையில் அமர்ந்து அதன் மென்மையைச் சுவைப்பதாகத் தோமியே வரைந்து மகிழ்ந்தார். தணிக்கை நீங்கியது. ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை கிட்டியதால் வாக்காளர் தொகை ஏறத்தாழ 90 இலட்சமாக உயர்ந்தது.

அவ்வாண்டின் இறுதியில் நடைபெற்ற தேர்தலில், நெப்போலியனின் தம்பி மகனான லூயி நெப்போலியன் பெரும்பான்மை வாக்குகளோடு குடியரசுத் தலைவரானார். மக்களின் வாக்கால் வந்தவரே மக்களாட்சிக்குக் கேடாகக்கூடும் என்பதைத் தோமியே முன்னரே உணர்ந்தார். 'ரத்தபுவால்' என்னும் உருவைப் படைத்தார். கிழிந்த நீள்சட்டை, நெளிந்த தொப்பி, முறுக்கிய மீசை, ஊன்றிய தடி ஆகியவற்றோடு விளங்கும் அவன், தலைவருக்காக ஊரை மிரட்டியும் மயக்கியும் ஆதரவு திரட்டும் முரடன். படங்களில் மட்டுமன்றிச் சிலையாகவும் அவனை வடித்தார்.

1851ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் லூயி நெப்போலியன் படைவலிமையால் அவையைக் கலைத்தார். அடுத்த ஆண்டு பேரரசரானார். படங்களுக்கான முன்தணிக்கை திரும்பியது. ரத்தபுவால் இதழ்ப்பக்கங்களிலிருந்து மறைந்தான். அவனுடைய சிலை மறைத்துவைக்கப்பட்டது. தோமியேயின் மறைவுக்குப் பின்னரே அது வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. வாக்குரிமை மட்டும் இருந்து கருத்துரிமை இல்லாவிடில், மக்களாட்சி ஒரே தேர்தலில் தன்னைத் தானே இழந்துவிடக்கூடும் என்பதை அந்த மூன்றாண்டு வரலாறு உணர்த்துகிறது.

இறுதி ஆண்டுகள்

1860ஆம் ஆண்டு 'லெ ஷரிவரி' தோமியேயைப் பணியிலிருந்து நீக்கியது. வருவாய் குன்றிய அக்காலத்தில் அவர் வண்ண ஓவியத்தில் மிகுதியாக ஈடுபட்டார். துணிமூட்டையோடு ஆற்றங்கரைப் படியேறும் சலவைப் பெண், தொடர்வண்டியின் மூன்றாம் வகுப்பில் நெருங்கி அமர்ந்திருக்கும் ஏழைக் குடும்பம், வெறும் கனவைத் துணைக்கொண்டு செல்லும் தொன் கிஹோத்தே ஆகியோர் அவ்வோவியங்களில் உயிர்பெற்றனர். செல்வரை எள்ளிய அதே கை ஏழையரைப் பரிவோடு தீட்டியது. சில ஆண்டுகளுக்குப்பின் இதழ் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது.

1870ஆம் ஆண்டு பேரரசு அவருக்கு உயரிய விருதளிக்க முன்வந்தது. அரியணையின் அடியில் விருதுகள் விழுவதாக நாற்பது ஆண்டுகளுக்கு முன் வரைந்த ஓவியர், அவ்விருதை ஆரவாரமின்றி மறுத்துவிட்டார். அதே ஆண்டில் பேரரசும் வீழ்ந்தது.

ஏறத்தாழ 4,000 கல்லச்சுப் படங்களை வரைந்த கண்கள் ஒளி மங்கின. வால்மோந்துவா என்னும் சிற்றூரில் வறுமையோடு அவர் முதுமையைக் கழித்தார். 1878ஆம் ஆண்டு நண்பர்கள் பாரிசில் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். எழுத்தாளர் விக்டர் ஹியூகோ அதற்கு மதிப்புறு தலைவராக இருந்தார். அறிஞர்கள் வியந்தனர், எனினும், செலவுத்தொகைகூடத் திரும்பவில்லை. 1879ஆம் ஆண்டு பிப்ரவரியில் தோமியே மறைந்தார்.

நகைப்பு கடந்த தொலைவு

தோமியே மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1881ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், பிரெஞ்சுக் குடியரசு பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தை இயற்றியது. இதழ் வெளியிட முன் ஒப்புதல் தேவையில்லை என்றாயிற்று. படங்களும் தணிக்கையிலிருந்து விடுபட்டன. எச்சுதந்திரத்துக்காகச் சிறை சென்றாரோ அதனைத் தோமியே கண்ணால் காணவில்லை.

அவருடைய இதழின் புகழ் கடல் கடந்தது. இலண்டனில் 1841ஆம் ஆண்டு தோன்றிய 'பஞ்ச்' இதழ், ஷரிவரியின் பெயரைத் தன் துணைப்பெயரில் சேர்த்துக்கொண்டது. பஞ்ச் இதழைப் பின்பற்றி இந்தியாவிலும் அங்கத இதழ்கள் தோன்றின. 1877ஆம் ஆண்டு இலக்னோவில் பிறந்த 'அவத் பஞ்ச்' அவற்றுள் குறிப்பிடத்தக்கது. தமிழில், 1906ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட 'இந்தியா' வார இதழில் பாரதியார் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டார். 1908ஆம் ஆண்டு ஆங்கில அரசு அவ்விதழின்மீது நடவடிக்கை எடுத்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் சிறைத்தண்டனை பெற்றார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார்.

புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1881ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சின் குடியேற்றப் பகுதிகளுக்கும் உரியதாக இயற்றப்பட்டிருந்தது. 1908ஆம் ஆண்டு அக்டோபரில் 'இந்தியா' அங்கிருந்து, கேலிச்சித்திரங்களோடு மீண்டும் வெளிவந்தது. பாரிசின் ஓவியர்களும் இதழாளர்களும் சிறையும் தண்டமும் ஏற்றுப் போராடிய உரிமை, அவர்கள் அறியாத ஒரு கடற்கரையில், அவர்கள் அறியாத ஒரு மொழிக்குச் சில காலம் நிழல் தந்தது. ஆங்கில அரசு தன் எல்லைக்குள் இதழ் நுழைவதைத் தடுத்ததும், 1910ஆம் ஆண்டு அது நின்றுபோயிற்று.

குறையற்ற ஆட்சி என்று ஒன்றில்லை. குறையைச் சுட்டுவோரை அடக்கும் ஆட்சி, தன் குறையை அறியும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. சுட்டப்படும் குறை பொய்யெனில் மக்கள் நகைக்கமாட்டார்; மெய்யெனில் திருத்திக்கொள்வதே ஆட்சிக்கு அழகு. பேரிக்காயைச் சிறுவர்கள் மறப்பதற்குரிய வழி மன்னரின் கையிலேயே இருந்தது. தந்த வாக்குறுதியைக் காப்பாற்றியிருந்தால் போதும்.